வேன் என் பேரில், ஓட்டுவது அப்பா

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, நீ கேட்காமலே சொல்லத்தான் போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய். இதை அப்படி வைக்க முடியாது, முழுசாகப் படித்துத்தான் தீரவேண்டும்.

போன முறை பேசும்போது அப்பாவிடம் “பேசாம வீட்ல இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னாயே, நல்ல மனசோடுதான் சொன்னாய், ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசில் பாதியை பஸ் ஓட்டியே கழித்தவர் என்பது உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும். இங்கே வந்து இறங்கியதும் ஒருங்கிணைப்புத் திட்டம் என்று ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். புதிதாக வந்தவர்கள் இந்த நாட்டோடு ஒட்டிப்போக வேண்டுமாம், அதற்குக் காலையில் மொழி வகுப்பு, மதியம் வேலைப் பயிற்சி. ஒட்டட்டுமே, நல்லதுதானே என்றுதான் நானும் இருந்தேன். வகுப்பைக் குறை சொல்லமாட்டேன், டீச்சர் தங்கமானவள், அப்பா ஒரே தப்பை எத்தனை தடவை செய்தாலும் முகம் சுளிக்கமாட்டாள். பயிற்சிதான் வயிற்றெரிச்சல். ஒரு பெரிய கடையில் சோப்புப் பெட்டி அடுக்க அனுப்பினார்கள், சம்பளம் கிடையாது, அனுபவமாம். பஸ் ஓட்டும் லைசென்ஸ் வேண்டுமென்றால் மொழித் தேர்வில் மேல்படி தாண்டவேண்டும், அது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை. காரும் சின்ன வேனும் ஓட்டுவதற்கு மட்டும் ஒரு பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுத்தார்கள். இதில் கூத்து என்னவென்றால், வகுப்புக்குப் போகிற பஸ்ஸே பாதி நாள் வருவதில்லை. நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், இந்த ஊர் மொழியில் அப்பா முதன்முதலாக யார் உதவியும் இல்லாமல் வாசித்துப் புரிந்துகொண்டது அதைத்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் “கேட்டியா, பஸ் ஓட்ட ஆள் இல்லையாம்” என்றார். பஸ் வராமல் வகுப்புக்குப் பிந்திப் போனதற்கு அவருக்கு ஒரு எச்சரிக்கை வேறு.

எங்கள் மாடிக்கு மேல் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வேறு ஏதோ தேசத்திலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவள் போகிற அதிகாலை பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். அவளும் கூட வேலை செய்கிற பெண்களும் இருட்டில் நடந்தே போகிறார்கள் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாள். அப்பாவுக்கு அப்போதுதான் ஒரு பழைய வேன் எடுத்து ஓட்டலாமே என்று யோசனை வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு களை. உடனே திட்ட அலுவலகத்தில் இருக்கும் ஆலோசகர் அம்மாளிடம் ஓடினார். திட்டத்தில் இருக்கிறவர்கள் சொந்தத் தொழில் தொடங்கக் கூடாது, முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். திட்டத்தை விட்டு விலகினால் இங்கே தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது வில்லங்கமாகும். அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் நானே கிளம்பிப் போனேன். மொழிபெயர்த்துச் சொல்லும் போனை மேஜையில் வைத்து, “அவரைத்தானே கூடாதுன்னீங்க, நான் தொடங்கலாமா?” என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரில் தேடு தேடு என்று தேடிவிட்டு, “நீங்க எந்தத் திட்டத்துலயும் இல்லையே, தாராளமாத் தொடங்கலாம்” என்றாள். நான் துணையாக வந்தவளாம், அதனால் கணக்கிலேயே இல்லை. நம் ஊரில் ஒரு தையல் கூடத்தையே கட்டி மேய்த்தவளை, நீ என்ன வேலை பார்த்தாய் என்று இங்கே ஒரு ஜீவன் கேட்டதில்லை, வகுப்புக்கும் கூப்பிட்டதில்லை. கடைசியில் அதுவே உதவியாகப் போனது. அப்போ அவர் என்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாமா என்றேன். பகுதி நேரம் என்றால் பார்க்கலாம், அவருக்கு வேலை கிடைத்தால் திட்டத்துக்கும் நல்ல பேர்தான் என்றாள். நான் முறைத்ததைப் பார்த்தோ என்னவோ, “விதியை நான் எழுதலைம்மா” என்று மெதுவாகச் சொன்னாள். பாவம், அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள்தான்.

பழைய வேன் ஒன்றை என் பேரில் எடுத்தோம். அதில் ஆள் ஏற்றிப் போகும் அனுமதிக்கு நான் அலைந்த அலைச்சலை எழுத இந்தத் தாள் போதாது. ஆக, ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத நான் முதலாளி, உங்கப்பா தொழிலாளி. முதல் நாள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த ஆஸ்பத்திரிப் பெண்களை ஏற்றக் கிளம்பினார். திரும்பி வந்தவர், “ஒருத்தி ஏறின உடனே தூங்கிட்டா, எறங்கற இடம் வந்தும் எழுப்ப மனசே வரலை” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாள்தான் நான் அவரைத் திட்டவில்லை. மற்ற நாளெல்லாம் டயரைப் பாருங்கள், டீசலைப் பாருங்கள் என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறேன், அவரும் “உத்தரவு முதலாளியம்மா” என்று என் உயிரை வாங்குகிறார். இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ எனக்குப் போன் செய்து ஏதோ நீளமாகக் கேட்டார்கள். ஒன்றும் புரியாமல் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மதிய வேலைக்கு வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு வர ஒத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அந்நேரம் சோப்பு அடுக்கப் போயாகவேண்டும். மறுபடி போன் செய்து முடியாது என்று சொல்லக்கூட எனக்கு வார்த்தை இல்லை, அப்பாதான் பேசி மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

போன வாரம் திட்டத்துக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டு, எங்கள் மூலம் வேலை கிடைத்தவர் என்று சொல்லி அப்பாவை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வீட்டில் வாய் கிழியப் பேசுகிற மனுஷன் அங்கே வேர்த்துப்போய் நின்றார். அப்புறம் தப்பும் தவறுமாக அவர்கள் மொழியிலேயே, எனக்கு வேலை கொடுத்தது என் மனைவி, அவளுக்கு வகுப்பு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவள் என் போனில் தட்டிக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். ஆலோசகர் அம்மாள், விதியில் இடமில்லை, மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றாள். எழுதுவாளோ மாட்டாளோ. டீச்சர்தான் வெளியே வந்து, சாயங்கால வகுப்பில் பின்னால் வந்து உட்கார், சான்றிதழ் தர முடியாது, பாடம் தர முடியும் என்றாள். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, ஆனாலும் போகிறேன்.

இத்தனையும் எழுதியது எதற்கென்றால், இனிமேல் அப்பாவை வீட்டில் இருங்கள் என்று சொல்லாதே, வேன் எப்படி ஓடுகிறது என்று கேள். இன்னொன்று, மருமகளும் நீ போன நாட்டுக்கு உனக்குத் துணையாக வந்தவள்தானே, அவளை யாராவது எந்த வகுப்புக்காவது கூப்பிட்டார்களா? அவள் நம் ஊரில் கணக்கு வேலை பார்த்த பெண், அங்கே நாள் முழுக்க உனக்குச் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அரசாங்கம் கூப்பிடாவிட்டால் என்ன, நீ கூட்டிக்கொண்டு போய்ச் சேர். உன் சட்டையை நீயே மடித்துக்கொள், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. மருமகள் வகுப்பில் சேர்ந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா