முப்பத்தொரு கல்யாணம், ஒரே மண்டபம்

வைகாசி 19, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. வியாழன் முகூர்த்தத்துக்கு வந்த முப்பத்தொரு மாலை ஆர்டரும் போய்விட்டது. தின்றது நான் எழுதின புரோகிராம்.

நேற்று துண்டுச் சீட்டுகளைப் பார்த்து வரிவரியாகக் கம்ப்யூட்டரில் அடித்தேன். ‘சேமி’யை அழுத்தினேன். ‘31 ஆர்டர் சேர்ந்தது’ என்று வந்தது. அடித்த கட்டம் காலியானது, அப்படித்தான் எழுதியிருந்தேன். திருப்தி. சீட்டெல்லாம் கடையின் பூக்காம்புக் குப்பையோடு குப்பை வண்டியில் போயிற்று.

இன்று திறந்தால் முப்பத்தொரு வரியிலும் ஒரே பெயர், ஒரே மண்டபம். தென்னூர், ஆறு மணி, சம்பங்கி. கடைசியாக அடித்தது.

முன்னால் ஒரே ஒரு ஆர்டரைப் போட்டுச் சோதித்தேன். சரியாகத்தானே வந்தது.

மனைவி செல்வியிடம் சொல்லவில்லை. சைக்கிளில் கூடை கட்டி விற்ற நாளில்கூட ஒரு கல்யாணத்தையும் மாலை இல்லாமல் நிற்க வைத்ததில்லை.

வைகாசி 20, செவ்வாய்

காற்றே இல்லை. கே.கே. நகர் மீனாவுக்கு போன். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பெண், நம் வாடிக்கை. எழுதியதை அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

“அண்ணே, லூப்புக்கு, அதான் திரும்பத் திரும்ப ஓடுற பகுதிக்கு, வெளியில ஒரே ஒரு ஆப்ஜெக்ட் செஞ்சு வெச்சிருக்கீங்க. ஒவ்வொரு சுத்துலயும் அதையே அழிச்சு எழுதி, அதையே லிஸ்ட்ல தள்ளுறீங்க. முப்பத்தொரு இடத்துலயும் இருக்கிறது ஒரே கூடைதான்.”

ஆர்டருக்கு ஒன்று எதற்கு, ஒன்றே போதும் என்று மிச்சம் பிடித்தது நான்தான். ஒரே கூடையைக் கொட்டிக் கொட்டி நிரப்புகிற மார்க்கெட் புத்தி. அந்த வரியை லூப்புக்குள் நகர்த்தினால் சுற்றுக்கு ஒன்று புதிதாக உண்டாகுமாம். நகர்த்தியாயிற்று. போனது திரும்புமா என்றேன். வராதுண்ணே என்றாள்.

மதியம் செல்விக்குத் தெரிந்துவிட்டது. “கம்ப்யூட்டர் படிச்ச பூக்காரரே, யாருக்கு எந்த மாலைன்னு மாப்பிள்ளைங்களையே கேட்டுக்கலாமா?” சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை.

போனில் வந்த நம்பர்களை எடுத்து ஒவ்வொன்றாக அழைத்தேன். தொலைத்ததைச் சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். நேரம் உறுதி செய்கிறேன், மறுபடி ஒருமுறை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டு எழுதினேன். எவ்வளவு பொறுப்பு என்று மூன்று பேர் மெச்சினார்கள்.

கிடைத்தது 29. தென்னூரோடு 30. ஒன்று குறைகிறது.

வைகாசி 21, புதன்

புழுக்கம்.

அந்த ஒன்று போனில் வந்ததல்ல. விடியற்காலை நினைவு வந்தது: குடையோடு ஒரு பெரியவர் கடைக்கே வந்து, துளசி சேர்த்துக் கட்டணும் என்றார். பெயர் நினைவில்லை. துளசி என்றால் ஸ்ரீரங்கத்து வீடாகத்தான் இருக்கும். பிற்பகல் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினேன். நாளைக்குக் காலை அந்தப் பெண் வெறுங்கழுத்தோடு நிற்பது போலவே கண்ணுக்குள்.

ஐந்தாவது மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரேதான். பொய் சொல்ல வரவில்லை. ஆர்டர் அழிந்துபோனதைச் சொன்னேன்.

“எம் முன்னாடிதானே எழுதிண்டீர்?”

“எழுதினேங்க. தொலைச்சிட்டேன்.”

“மாலை இல்லாம ஊஞ்சல்ல எம் பொண்ணை எப்படி உட்கார வெக்கறது? இனிமே உம்மை எப்படி நம்பறது?”

வேறு கடை பார்க்க அவருக்கும் நேரமில்லை. பேசி முடித்தது: ரோஜாவும் துளசியும் சேர்த்து மூன்று ஜோடி, முன்பு சொன்ன விலையே. காலை நாலரைக்கு நானே கொண்டுவர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. மற்ற முப்பது கல்யாணம் என்ன ஆனாலும், மாலை மாற்றி முடியும்வரை மண்டபத்தை விட்டு நகரக் கூடாது. பணம் தாலி கட்டின பிறகு. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்; மற்ற முப்பதையும் இனி செல்விதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.