நீ மட்டும் போட்ட ரிட்டன்

மாப்ள,

இன்று காலை கீரனூரில் ஒரு கல்யாண வீடு. எவனோ ஒரு புதுப் பந்தல்காரன் சாமியானாத் துணியைப் பிரித்து உதறினான். மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணி. அந்தப் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியதும் கையில் இருந்த வயரோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் துணியும் இதே வாடைதான் அடிக்கும். உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது.

உன் பந்தல், என் மைக் செட். தாடிக்கொம்பிலிருந்து பழனி வரை நாம் நிற்காத கல்யாணம் கிடையாது. நான் 'ஹலோ' என்றால் சத்தம் திண்டுக்கல் மலைக்கோட்டையில் முட்டித் திரும்பி வரும். வருவதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்திருப்பேன். ஒரு மந்திரியே காரை நிறுத்தி, "யாருய்யா இந்த செட்டு?" என்று விசாரித்தார். கேட்டது மந்திரி இல்லை, அவருடைய டிரைவர் என்று நீ சொல்வாய். யார் கேட்டால் என்ன, கார் நின்றது அல்லவா?

நான் மைக்கைச் சோதிக்கும்போது நீ பந்தலின் கடைசிக் கம்பத்தில் போய் நிற்பாய். சத்தம் வந்தால் கையைத் தூக்குவாய். "கேக்குது மாமா." உன் கை மேலே போகாமல் நான் மைக்கைக் கீழே வைத்ததில்லை. ஊரே கேட்கிறது என்று சொன்னாலும் நீ சொல்ல வேண்டும் எனக்கு.

அப்படி நம்பித்தான் அன்றைக்கு டீக்கடை வாசலில் உன்னைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த தேங்காய் வியாபாரி, வரியே வராதவனும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தாலும் எனக்குத் தெரியாத சட்டம் உண்டா? "சைபரைப் போயி ஆபீசுல எழுதிக் குடுக்கணுமாக்கும்? அவுகளுக்கு வேற சோலி இல்லையா?" என்றேன். கடையே சிரித்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு உறுத்தல். வெளியே வந்து உன்னிடம் தனியாகக் கேட்டேன். நீ பிளஸ் டூ படித்தவன்.

"மாப்ள, நம்மளும் ஒரு எட்டு ஆடிட்டரப் பாத்துருவமா?"

"நமக்கெதுக்கு மாமா அந்தத் தலவலி? வரி வராதவனுக்கு அங்க என்ன வேல?"

அதோடு விட்டேன். நீ கையைத் தூக்கிவிட்டாய் என்றுதான் அர்த்தம் எனக்கு.

பிறகு அந்த மத்தியானம். சேவுகம்பட்டிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு குட்டியானை வண்டியில் திரும்பினோம். உன் மடியில் கல்யாண வீட்டுக் கூட்டு, பொரியல் கட்டிய வெஞ்சனப் பொட்டலம். லாரி வந்தது. அந்த லாரியை ஒற்றைக் கையால் தள்ளி நிறுத்தியதாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அது எடுபடாது, பக்கத்தில் இருந்தவன் நீ. நீ அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிட்டாய். எனக்கு வலது கால் மடக்க முடியாமல் போனது. இனி ஏணி ஏற முடியாது.

நட்டஈட்டு வழக்கில் உன் வீட்டுக்கும் எனக்கும் ஒரே வக்கீல். என்ன சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"மாசம் லட்சத்துக்குக் கொறையாது."

"ரிட்டன் போட்டுருக்கீங்களாண்ணே?"

"எனக்குத்தான் வரியே வராதே."

"லட்சம் சம்பாதிச்சா எப்படிண்ணே வராம இருக்கும்?" வக்கீல் சிரிக்கவில்லை. "வருமானம் வரம்பத் தாண்டுனா, வரி சைபராப் போனாலும் போடணும். வரம்புக்குள்ளன்னாக் கட்டாயமில்ல. ஆனா போட்டு வச்சா அதுதான் சாட்சி. உங்க கூட்டாளி வருசந்தவறாமப் போட்டுருக்காரு. எல்லாம் சைபர் வரிதான்."

"அவனா? ஆள் மாறிப் பாத்துட்டீங்க சார். நாங்க ரெண்டு பேருமே போடுறதில்ல."

ஆள் மாறவில்லை. நான் உன்னைக் கேட்ட வருஷமும் போட்டிருக்கிறாய்.

இனிமேல் போட்டால் ஆகாதா என்றேன். அடிபட்ட பிறகு போட்டதைக் கோர்ட் நம்பாது என்றார். உனக்கு நீ எழுதிக் கொடுத்த வருமானத்தையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஆதாரம் இல்லை என்று கூலியாள் வருமானம் போட்டார்கள். எனக்கு வயர் சுற்றுகிறவனுக்கு நானே கொடுக்கிற கூலி, மாப்ள. அதுவும் நாலு பேர் முன்னால் வாசித்தார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தன், "என்ன மைக் செட்டு, கோர்ட்டுல உங்களக் கூலியாளாக்கிட்டாகளாமே" என்றான். குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான்.

உன் வீடு தலை நிமிர்ந்து நிற்கிறது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான். ஆனால் என்னிடம் ஏன் மறைத்தாய்? உன் பெண்டாட்டியிடமே போய்க் கேட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்த நேரம்ணே. ரிட்டன்ல காட்டுற வருமானம் இம்புட்டுத்தான்னு வெளிய தெரிஞ்சா நல்லாருக்காதுன்னாரு. உங்ககிட்டச் சொன்னா, நீங்க மைக்ல போட்டு ஊரெல்லாம் சொல்லிருவீகளாம்."

அந்தச் சொல் அடிபட்ட காலைவிட வலிக்கிறது. உன் வருமானத்தை நான் கேட்டேனா? 'நீயும் போடு மாமா' என்று ஒரு வார்த்தை. அதற்கு எந்த வரன் தட்டிப் போயிருக்கும்?

இந்த வருஷம் ஆடிட்டரிடம் போனேன். உண்மையான தொகையைச் சொன்னேன். என்ன சொன்னீர்கள் என்று அவர் திரும்பக் கேட்டார். என் குரல் எதிரே இருக்கிறவனுக்குக்கூடக் கேட்காமல் போனது வாழ்நாளில் அன்று ஒரு தடவைதான். வரி சைபர். தொகையை உன்னிடம் சொல்ல மாட்டேன். நீ மட்டும் சொன்னாயா?

இன்று காலை அந்த வாடையோடு மைக்கைப் பிடித்தேன். ஹலோ சொல்லவில்லை.

"வரி வரலேன்னாலும் ரிட்டன் போடுங்கப்பா. கூட்டாளி சொன்னான்னு சும்மா இருந்துராதீக. அவென் போட்டுருப்பான்."

பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, கல்யாண வீட்டுல பேசுற பேச்சுங்களா இது?"

ஆமாம், மைக்கில்தான் சொன்னேன். நீ பயந்தபடியே. நாலு தெரு தாண்டிக் கேட்டிருக்கும். ஆனாலும் மைக்கைக் கீழே வைக்காமல், பந்தலின் கடைசிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே யாரும் கையைத் தூக்கவில்லை.