ஆப்பிள் கூடைக்குத் திறக்காத கதவு

கிளென்டேல்,
செப்டம்பர் 14

அன்புத் தங்கை ஷாகானுஷுக்கு,

அக்கா ஹெரிக்னாஸ் எழுதுகிறேன். நம் ஊர் கியூம்ரியில் குளிர் தொடங்கியிருக்கும், முழங்காலைப் பார்த்துக்கொள். கடல் தாண்டி வந்த இந்த ஊரில் குளிர் கிடையாது. அதனால் எங்களுக்குப் பேச ஒரு விஷயம் குறைவு. அந்தக் குறையைக் கல்யாணங்கள் தீர்த்துவைக்கின்றன.

என் மகள் நாயிரியின் கல்யாணம் நின்றுவிட்டதாக உனக்குச் செய்தி வந்திருக்கும். அது இன்னும் நிற்கவில்லை, தள்ளாடிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மா சத்தெனிக் காபிக்கு வந்தார். மண்டபம், பாதிரியார், கொன்யாக் மது எல்லாம் பேசி முடித்துக் கைப்பையோடு எழுந்தவர், "அப்புறம், முதலிரவு முடிஞ்ச காலையில சிவப்பு ஆப்பிள் கூடையோட வர்றோம். வீட்ல இருங்க" என்றார், குழாய் பழுதுபார்க்க ஆள் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

"எதுக்கு சம்பந்தி? பழம் இங்கயே கிடைக்குதே" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! பொண்ணு சுத்தமா வந்தான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? இதையும் விட்டுட்டா நாம என்ன ஆர்மீனியங்க?"

நாயிரி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க பையனுக்கு எந்தப் பழம் அனுப்பணும், அத்தை?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சத்தெனிக் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கூடை வந்தால் கதவு திறக்காது என்றேன். கூடை இல்லையென்றால் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையே என் கொழுந்தன் கேகாம் வந்தான். "அண்ணி, நம்ம இனத்தையே தலைகுனிய வச்சிட்டீங்க" என்றான். கடைப் பலகையில் தன் பெயரை அமெரிக்க பாணியில் கேரி என்று எழுதிவைத்திருப்பவனுக்கு இனத்தைப் பற்றிக் கவலை அதிகம். அவன் பிள்ளைகளுக்கு நம் எழுத்துகளைச் சனிக்கிழமைகளில் சொல்லித்தருவது நாயிரிதான் என்று நினைவூட்டினேன்.

இன்னொன்றும் சொன்னேன். "நூறு வருஷம் முன்னாடி துருக்கிக்காரங்க நம்ம சனத்தை ஊரை விட்டுத் துரத்திப் பாலைவனத்துல நடக்கவிட்டாங்களே, அந்தப் பொம்பளைங்களுக்கு வழியில என்னல்லாம் நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும். உயிரோட வந்து சேர்ந்தவங்ககிட்ட அன்னைக்கு யாராவது கூடை கேட்டிருந்தா, இன்னைக்கு நீ இல்ல, உன் கடை இல்ல, தலைகுனியறதுக்கு இனமும் இல்ல." தட்டில் மிச்சமிருந்த கேக்கைத் தின்றுவிட்டுப் போனான்.

மாப்பிள்ளை வ்ராம் ஒரு வாரம் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறான். ஒரு பெண்ணா, ஒரு கூடைப் பழமா என்று முடிவெடுக்க ஒரு வாரம். நாயிரி கொடுத்தாள். அவனை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. வெளியே வந்ததும், "கூடை வந்தா நான் அவன் வீட்ல இருக்க மாட்டேம்மா" என்கிறாள். அவள் மனத்தை மாற்றச் சொல்லி யாராவது உன்னைத் தொலைபேசியில் அழைத்தால், அவள் பிடிவாதம் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று சொல்.

ஷாகானுஷ், உன் கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா வாசலைக் கழுவிவிட்டு மதியம்வரை நின்றார். கூடை வரவில்லை. நீதான் வந்தாய், பெட்டியோடு. அதற்குப் பிறகு யார் கல்யாணத்துக்கும் நீ போனதில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை.

இப்போது கூப்பிடுகிறேன். விருந்தில் முதல் மேசையில், எனக்கு வலப்பக்கம், பெண்ணின் சித்தி உட்கார வேண்டிய இடத்தில் நீ உட்கார வேண்டும். கல்யாணம் நின்றுபோனாலும் வா. கல்யாண நாளன்று நான் விருந்து மேசை போடத்தான் போகிறேன்.

கடவுள் உனக்கு நல்ல பயணத்தைத் தரட்டும். பெட்டியோடு வந்த நாளைப் போலத் தலையில் துணி போட்டு முகத்தை மறைக்காமல் வா.

உன் அக்கா,
ஹெரிக்னாஸ்