வெள்ளிக் கால்

பரமுக்குட்டிக்கு,

பெத்தம்மா எழுதுதேன். முதல்ல நலம் விசாரிக்கிறதுதான் முறை. நான் விசாரிக்கல. நாங்க எப்படி இருக்கோம்னு நீயும் கேட்டு எழுதல, அதனால அதையும் விட்டுருதேன்.

இந்தப் பேரைப் பார்த்ததும் உனக்குத் திக்குன்னு இருக்கும். உன் அம்மை உன்னைச் செல்லமாக் கூப்பிடுத பேரு. கட்டுனவன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு சொல்லி எங்களை வளர்த்தாவ. ரேசன் கடையில புருசன் பேரு கேட்டப்பகூடப் பக்கத்துல நின்ன இசக்கியம்மா அக்காளைத்தான் சொல்லச் சொன்னேன். உனக்கு எழுதுத காயிதத்துல எல்லாம் அன்புள்ள அத்தான்னுதான் எழுதினேன். இனிமே அது வராது. நீங்க, வாங்கன்னும் வராது. அதெல்லாம் ஐப்பசி மழையோட போயிட்டு.

நான் படிச்சது மூணாப்பு. அதுவும் மறந்து கிடந்தது. நம்ம பிள்ளை செண்பகம் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிச்ச பெறவு, சிலேட்டை என் மடியில வச்சு அவதான் திரும்பச் சொல்லிக் கொடுத்தா. தப்பு இருந்தா பொறுத்துப் படி. வேற ஆள் எழுதினா நயமா எழுதிருவாவ. இது நயமா இருக்க வேண்டாம்.

நீ எழுதின காயிதத்தை உன் தம்பி சோலைச்சாமி வாசல்ல உக்காந்து தெருவுக்கே கேக்குதாப்பல வாசிச்சான். பம்பாய்ல மூட்டை தூக்கித் தூக்கி உனக்கு நடு இடுப்பு பிடிச்சுக்கிட்டதாம். குனிஞ்சா நிமிர முடியலையாம். முருகனுக்கு வச்ச நேர்த்திக்கடன் நிக்குது, அதுதான் உன் இடுப்புல உக்காந்திருக்குன்னு அங்க ஒருத்தன் குறி சொன்னானாம். அதனால நம்ம பிள்ளைக்கு நேர்ந்துக்கிட்ட வெள்ளிக் காலை பம்பாய் ஆசாரிகிட்டயே செய்யச் சொல்லி வாங்கிட்டியாம். பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக்கிட்டு வாரியாம். புருசனும் பொண்டாட்டியுமாச் சேர்ந்து நின்னு செலுத்தினாதான் கடன் தீருமாம். நான் விரதம் இருந்து, மஞ்சச் சேலை கட்டி, கழுகுமலையில உன் பக்கத்துல வந்து நிக்கணுமாம்.

வாசிச்சு முடிக்க முந்தியே உன் அம்மை ஒப்பாரிக்கு உக்காந்துட்டா. தெருவுல நின்னவளுகளும் சேர்ந்து அழுதாளுக. நான் அழலைன்னு சோலைச்சாமிக்குக் கோவம். மதினிக்கு நெஞ்சு கல்லாப் போச்சுன்னான். வருவியா மாட்டியான்னு தினமும் வந்து கேட்டுக்கிட்டே இருக்கான். அதைக் கடைசியில சொல்லுதேன். நீ வலியைப் பத்தி எழுதியிருக்க. வலியைப் பத்தி எனக்கும் இப்பக் கொஞ்சம் தெரியும். முதல்ல அதைக் கேளு.

பிள்ளை போன பெறவு எனக்கு இடது முட்டியில வலி கண்டது. பருத்திக் காட்டுல ஒரு நிரை முடிக்க முடியல. தீப்பெட்டி ஆபீசுல தரையில உக்காந்தா, எந்திரிக்கதுக்குச் சுவரைப் பிடிக்கணும். உன் அம்மை முட்டிக்குப் பத்துப் போட்டா. நொச்சித் தழையை வேக வச்சு ஊத்தினா. கேக்கலைன்னதும் புதூர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து, கம்பியைக் காய்ச்சி முட்டியைச் சுத்திச் சூடு போட வச்சா. எங்க வலிக்குதோ அங்கதான சூடு, நம்ம பக்கத்துல மாட்டுக்கும் மனுசிக்கும் அதுதான. புண்ணு ஆறுச்சு. வலி ஆறல. கடைசியில, பிள்ளை பேர்ல உள்ள கடன் நிக்குது, அதான் உன் முட்டியைப் பிடிச்சிருக்குன்னுட்டா. உன் குறிகாரன் சொன்னதை அவ அவனுக்கு முந்தியே சொல்லிட்டா. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் போல.

இசக்கியம்மா அக்காதான் என்னைய இழுத்துட்டுப் போனா. அவ அம்மைக்குத் தோள் தூக்க முடியாமக் கிடந்து, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில சரியாச்சாம். உன் அம்மை வாசல்ல நின்னு, பிள்ளையத் தின்னுட்டு ஊர் சுத்தப் போறான்னு சத்தம் போட்டா. நான் திரும்பிப் பாக்கல. கழுகுமலையில பஸ் ஏறி, கோவில்பட்டியில மாறி, கயத்தாறு தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, எலும்பு உடையல, பயிற்சி வைத்தியம் பண்ணுத ரூமுக்குப் போன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாரு.

அங்க ஜெபமணி அம்மான்னு ஒருத்தவிய. அவிய மருந்து கொடுக்கல, ஊசி போடல. எங்க வலிக்குன்னு கேட்டாவ. முட்டியைக் காட்டினேன். சூட்டுத் தழும்பைப் பார்த்தாவ. முட்டியை அமுக்கி, மடக்கி, நீட்டி, அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிப் பார்த்தாவ. வலிக்கல. பொய் சொல்லிட்டு வந்தவ மாதிரி எனக்கு வெக்கமாப் போச்சு. பெறவு என்னைய மல்லாக்கப் படுக்க வச்சு, தொடையைத் தூக்கி, இடுப்புப் பூட்டுல வச்சு உள்பக்கமாத் திருப்பினாவ. முட்டியில உயிர் போச்சு. ஆனா அவிய கை முட்டியிலயே இல்ல.

அப்பத்தான் சொன்னாவ, வலிக்குத இடம் ஒண்ணு, வலி புறப்படுத இடம் வேற ஒண்ணுன்னு. கேடு இடுப்புல இருக்கு, இடுப்புக்குப் போற நரம்புதான் முட்டிக்கும் போகுது, அதனால முட்டி சத்தம் போடுது. முட்டிக்கு ஆயுசு பூராச் சூடு போட்டாலும் கேக்காதுன்னாவ.

பெறவு என்னைய நடந்து காட்டச் சொன்னாவ. நின்னு காட்டச் சொன்னாவ. அந்த ரூம்ல சுவர் உசரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு. என்னை அதுக்கு முன்னால நிப்பாட்டி, ஏம்மா, இடுப்புல பிள்ளை வச்சிருக்காப்பல நிக்கியே, வீட்டுல கைப்பிள்ளை இருக்கான்னு கேட்டாவ. கண்ணாடியில பார்த்தேன். இடுப்பு இடது பக்கம் தள்ளியிருக்கு. தோள் சாஞ்சிருக்கு. இடது கை வளைஞ்சு நிக்கு. கைக்குள்ள ஆள் இல்ல.

அவியகிட்டச் சொன்னதையே உனக்கும் எழுதுதேன். உனக்கும் இது தெரியாதே.

காய்ச்சல்ல கால் விழுந்ததுல இருந்து செண்பகம் என் இடுப்புலதான் வளர்ந்தா. காட்டுக்கு, கிணத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எல்லாத்துக்கும். வளர வளரக் கனத்தா. கால் தரையில இடிக்கும். இறக்கிவிட்டா இழுத்துக்கிட்டு வருவா, பாக்கப் பொறுக்காது, திரும்பத் தூக்கிருவேன். அவளுக்கு அது பஸ்ஸு. என் தோளைத் தட்டி, கழுகுமலை கோவில்பட்டி எல்லாம் ஏறுன்னு கத்துவா. எதுக்க உன் அம்மை வந்தா, பாட்டிக்கு இடமில்ல, அடுத்த வண்டியில வான்னு சொல்லுவா. உன் அம்மைக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்க மாட்டா.

நீ லீவுல வந்தப்ப ஒரு தடவையாவது அவளைத் தூக்கினியா. பாவாடையை இழுத்து மூடிக்கிட்டுச் சுவரோரம் உக்காந்து உன்னையே பார்த்துக்கிட்டு இருப்பா. நீ மிட்டாய்ப் பொட்டலத்தைத் தூரத்துல வச்சுட்டு, தவழ்ந்து வந்து எடுக்கட்டும், அப்பத்தான் பலம் வரும்ன. அவ எடுக்கல. எறும்பு தின்னுச்சு.

போன ஐப்பசியில அவளுக்கு நெஞ்சுச் சளி கண்டு மூச்சு இழுத்தது. மழையில கரிசல் இளகி வண்டிச் சக்கரத்துல அப்பிக்கிட்டது, மாடு நகரல. ரோட்டுக்குப் போனா பஸ் பிடிச்சுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு அவளை இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கி நடந்தேன். சகதி காலை உருவி உருவி எடுத்தது. அவ தலை என் தோள்ல இருந்தது. தூங்குதான்னு நினைச்சேன். ரோட்டுக்கு வந்த பெறவுதான் தெரிஞ்சது. எந்த இடத்துல போனான்னு எனக்குத் தெரியாது, அந்தப் பாதை பூரா அவ என் இடுப்புலதான் இருந்தா. உனக்குத் தந்தி அடிச்சோம். லீவு கிடைக்கலைன்னு எழுதின.

இதைக் கேட்டுட்டு ஜெபமணி அம்மா முதல்ல கேட்டது, பிள்ளைக்கு எந்தக் கால்னுதான். சொன்னேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்த ரூம்ல ரெண்டு பக்கமும் கம்பி பிடிச்சு நடக்கதுக்கு ஒரு பாதை போட்டிருக்கு. செண்பகம் வயசுதான் இருக்கும், ஒரு பிள்ளை காலுக்கு இரும்புப் பட்டையும் தோல் வாரும் மாட்டி, கண்ணாடியைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கிட்டே நடந்தா. அதே காய்ச்சல். அதே மாதிரிக் கால். என் பிள்ளையும் இப்படி நடந்திருப்பாளான்னு கேட்டேன். அவிய பொய் சொல்லல. காய்ச்சல் விட்ட கையோட கொண்டு வந்திருந்தா, கால் பழையபடி ஆகும்னு சொல்ல மாட்டேன், ஆனா பயிற்சி கொடுத்து மடங்கி இறுகாமக் காத்திருக்கலாம், பட்டை மாட்டிக் கம்பு ஊணி நடந்திருப்பான்னாவ. நடந்திருந்தா சாக மாட்டான்னு நான் சொல்ல வரல. சளி யாருக்கும் வரும். நடந்திருப்பா. அம்புட்டுதான்.

இப்பப் பழசை யோசி. காய்ச்சலுக்கு ஊசி போட்டதாலதான் கால் போச்சுன்னு ஊர்ல யாரோ சொன்னதைக் கேட்டு, முருகனுக்கு வெள்ளிக் கால் நேர்ந்தது நீ. நான் வந்து செலுத்துத வரைக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரி வாசல்ல மிதிக்க விடக்கூடாது, மிதிச்சா சாமிக்குக் கோவம் வரும்னு உத்தரவு போட்டுட்டு ரயில் ஏறினது நீ. அடுத்த உத்திரம், அடுத்த உத்திரம்னு எழுதினது நீ. நான் அவளைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் கழுகுமலை பஸ்ஸுக்கு நின்னேன். சோலைச்சாமி சைக்கிள்ல விரட்டி வந்து, அண்ணாச்சி சொல்லை மீறுதியான்னு கேட்டு, கடைக்காரங்க பாக்கப் பிள்ளையைப் பிடுங்கிக் கேரியர்ல வச்சுத் திருப்பிக் கொண்டு வந்தான். வழியெல்லாம் அவ, சித்தப்பா, இந்த பஸ்ஸு தப்பாப் போகுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. முருகன் எங்கேயும் ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு சொல்லல. சொன்னது நீதான்.

எனக்கு இப்பப் பரவாயில்ல. சூட்டு ஒத்தடம் கொடுத்து, இடுப்பைப் பிடிச்சு இழுத்து, ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கி இறக்கச் சொல்லிக் கொடுத்தாவ. ரெண்டு கால்லயும் சமமா நிக்கவும் கண்ணாடிக்கு முன்னால பழக்கினாவ. அதுதான் கஷ்டம். நிமிர்ந்து நின்னா அவளைக் கீழ போட்டுட்ட மாதிரி இருக்கு. வீட்டுலயும் பாயை விரிச்சுத் தினமும் செய்யுதேன். பிள்ளை செத்த வீட்டுல மருமவ சர்க்கஸ் காட்டுதான்னு அங்க இருந்த வரைக்கும் உன் அம்மை போறவ வாரவகிட்ட எல்லாம் சொன்னா. டிக்கெட் வாங்கிட்டுப் பாருங்கன்னேன். முட்டி வலி முக்கால்வாசி போயிட்டு. பருத்திக் காட்டுக்குப் போறேன். கடன் தீரல, வலி தீர்ந்துட்டு. இதுக்கு உன் குறிகாரன் என்ன சொல்லுதான்னு கேட்டு எழுது.

உன் இடுப்புக்கும் அதைத்தான் சொல்லுதேன். பம்பாய்ல இல்லாத ஆஸ்பத்திரியா. போய்க் காட்டு. எங்க வலிக்குன்னு கேப்பாவ, இடுப்பைக் காட்டு. எங்கேருந்து புறப்படுதுன்னு அவிய தேடுவாவ. மூட்டையில இருந்தா மூட்டைன்னு சொல்லுவாவ. என் பிள்ளை மேல போடாத. அவ யார் இடுப்புலயும் வலியா உக்காருதவ இல்ல. உன் இடுப்புல அவ உக்காந்ததே இல்ல.

நான் கழுகுமலைக்கு வர மாட்டேன். உத்திரத்துக்கு நீ வா, போ, சாமி உனக்கும் சொந்தம். காலைச் செலுத்து, உன் அம்மையைப் பக்கத்துல நிப்பாட்டிக்க. என் வாசலுக்கு வராத. நான் இப்பச் சோலைச்சாமி வீட்டுல இல்ல, தீப்பெட்டி ஆபீசுக்குப் பக்கத்துல இசக்கியம்மா அக்கா வளவுல ஒரு அறை பார்த்துட்டேன். செண்பகத்தோட சிலேட்டும் பாவாடையும் என்கிட்ட இருக்கு. வேற ஒண்ணும் எடுக்கல.

உன் இடுப்பு நல்லாகட்டும். நடக்க முடியாம யாரும் கிடக்கக் கூடாது, அது நீயா இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
செண்பகவல்லியோட அம்மை
பெத்தம்மாள்

கவரை ஒட்டுததுக்கு முந்தி ஒண்ணு. வெள்ளிக் கால் ரொம்ப நேர்த்தியா வந்திருக்கு, ஒத்தைக் கால்தான், ஆனா விரல் எல்லாம் தனித்தனியாத் தெரியுது, நகம்கூட வச்சிருக்கான்னு எழுதியிருந்த. சோலைச்சாமி அந்த இடத்தை ரெண்டு தடவை வாசிச்சான். அப்படிச் செய்யுத ஆசாரி, பெருவிரலை எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாம வேலையைத் தொட்டிருக்க மாட்டான். பிள்ளைக்கு இடது காலா, வலது காலான்னு உன்கிட்டக் கேட்டிருப்பான்.

நீ என்ன சொன்ன?