என் முகத்து வெயில்

இராஜபாளையம்
14.6.1993

அன்புள்ள சௌந்தரபாண்டியன் அண்ணனுக்கு,

தங்கை வேலுத்தாய் எழுதுவது. மதினியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைத்தான் வெள்ளிக்கிழமை விசாரிக்க வந்தீர்களே. வீட்டுக்குள் வரக்கூட இல்லை. வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

முகத்தில் ஒட்டுப்போட்ட தோல் பிடிக்கும்வரை வாயை அசைக்கக் கூடாது என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால்தான் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். என் கண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். இப்போது மூக்கிலும் கட்டு. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

"ஏலே பால்ச்சாமி, எந்தங்கச்சிய வெயில்ல போட்டு வதக்கிட்டியேலே, நீயெல்லாம் மனுசனா" என்று என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்தீர்கள். மில்லில் ஃபிட்டராக இருக்கிற மனிதர், கூட வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கிற தெரு. அவர் என்ன சொன்னார்? "செத்த மெதுவாப் பேசுங்க மச்சான், உள்ள அவ முழிச்சிருக்கா" என்றார். அவ்வளவுதான்.

அண்ணே, என்னை வெயிலில் போட்டது யார்?

டாக்டரம்மா முதல் நாளே கேட்ட கேள்வி அது. தோலும் முடியும் வெளுத்துப் பிறந்தவர்களுக்கு தோலில் வெயிலைத் தாங்குகிற கறுப்பு கிடையாதாம். பட்ட வெயிலெல்லாம் வருஷக்கணக்காய் உள்ளே சேர்ந்து கடைசியில் புற்றாகிவிடுமாம். எத்தனை வயதிலிருந்து வெயில் வேலை என்று கேட்டார். எட்டு வயதிலிருந்து என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "வெள்ளச்சி" என்று கேலி செய்கிறார்கள் என மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, நம்மூர் சுந்தரபாண்டியத்துப் புஞ்சையில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் விட்டீர்கள். மொத்தம் பத்தொன்பது வருஷம். கன்னம் கொப்பளித்து உரிந்தால் அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். மறுநாளும் புஞ்சைதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தேன். "வெள்ளச்சிக்கு முக்காடு ஒரு கேடா" என்று எல்லோர் முன்னாலும் இழுத்துவிட்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

கல்யாணமாகி இங்கே வந்து பேண்டேஜ் கம்பெனியில் துணி காயப்போடும் வேலைக்குப் போனேன், அதுவும் உண்மை. வெளுத்த துணியில் பட்டுத் திரும்புகிற வெயில் புஞ்சை வெயிலைவிடக் கொடிது. ஆறே மாதத்தில் இவர் சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து, உள்ளே துணி மடிக்கிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் எனக்கென்று முதல் குடை வாங்கித் தந்ததும் அவர்தான். மணல் ஒட்டினது போலக் கன்னம் சொரசொரக்கிறதே, மதுரைக்குப் போய்க் காட்டுவோம் என்று கெஞ்சினதும் அவர்தான்.

கேட்காதது என் தப்பு. போன வருஷம் ஆடிக்கு அங்கே வந்திருந்தபோது கன்னத்தில் புண்ணே வந்துவிட்டது. பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவளை நீங்கள்தான் தடுத்தீர்கள். "அங்க போனா மூக்க அறுத்து அனுப்பிருவான்" என்று சொல்லி, பச்சிலை வைக்கிற ஆளிடம் கூட்டிப்போனீர்கள். அவர் வைத்த கார மருந்தைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் புண்ணைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று இவரிடம் சண்டை போட்டேன். ஆடியிலேயே வந்திருந்தால் சின்னதாக வெட்டி இரண்டு தையலோடு அனுப்பியிருப்பேனே என்று டாக்டரம்மா சொன்னபோது இவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். இப்போது இடது கன்னமும் மூக்கில் பாதியும் போய்விட்டன. தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் போனபிறகு, ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "அவிய தங்கச்சிக்கு இப்படி ஆயிருச்சேன்னு கோவம். யார் மேலயாவது காட்டணும்லா" என்றார். அவருக்கு உங்கள் மேல் வருத்தமில்லை. எனக்கு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. இந்த மனிதர் வெள்ளச்சிதான் வேண்டும் என்று கேட்டு வந்து கட்டியவர். அவரை ஏலே என்று கூப்பிட உங்களுக்கு என்ன உரிமை?

தாடைக்குக் கீழே கட்டியாக நெறி கட்டியிருக்கிறது. 21ஆம் தேதி திங்கட்கிழமை அதையும் அறுத்து எடுக்கப் போகிறார்கள். டாக்டரம்மா இவரைத் தனியாக வெளியே அழைத்துப் பேசினார். இவர் திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா நெறி" என்றார். அன்றிலிருந்து தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார்.

அண்ணே, என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மதுரைக்கு வாருங்கள். என்னை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். டாக்டரம்மா வெளியே வந்து எதைச் சொன்னாலும் அதை அவர் ஒருவராகக் கேட்கக் கூடாது.

உங்களோடு பிறந்தவள்,
வேலுத்தாய்