பசாம் இராகத்தில் தேத்தண்ணி

யேசு மரி சூசை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுகிழமை.

அன்பு மகள் கம்சாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவாலும் மாதாவின் மன்றாட்டாலும் இங்கே நான், அப்பா, உன் தம்பி கிறிஸ்ரி மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இடைக்கிடை சண்டையும் பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அதேபோல நீயும் மருமகனும் உன் வயிற்றுக்குள் இருக்கிற குஞ்சும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் மாதாவின் படத்துக்கு முன்னால் கேட்கிறேன். போனில் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்துக் கதிரையில் காதைக் கொடுத்தபடி இருக்கிறார், அவரைப் பற்றி அவருக்கு முன்னால் எப்படிக் கதைப்பது, அதோடு உன் குரலைக் கேட்டவுடன் எனக்கு அழுகை வந்துவிடும், பிறகு நீயும் அழுவாய், இரண்டு பேரும் அழுது முடிய போனில் காசும் முடிந்துவிடும். நடராசா மாஸ்டரின் மகள் விடுமுறை முடிந்து நோர்வேக்குத் திரும்பிப் போகிறா. அவாவின் கையில் காய்ந்த இறாலும் மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். இறாலை மருமகன் பொரிக்கட்டும், நீ கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

போன கிழமை நீ சொன்னாய், அம்மா செபமாலையைக் கையில எடுத்தாலும் வாய் வருகுதில்லை, நான் ஒண்டுக்கும் உதவாமல் கிடக்கிறன், கடவுள் என்னை மறந்துபோனார் போல கிடக்கு என்று. அந்த நேரம் நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கதை என் நெஞ்சுக்குள்தான் கிடக்கிறது. பிள்ளை தங்க வேண்டும் என்றால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன பிறகு, ஓடியாடித் திரிந்த உனக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்கு விளங்குகிறது. அதனால்தான் இந்த வீட்டில் நடந்ததை ஒழுங்காக உனக்குச் சொல்லப்போகிறேன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது உனக்குத் தெரியும், வலக்கையும் வலக்காலும் பேச்சும் போனது தெரியும், ஆனால் உன் உடம்பை நினைத்து மிச்சத்தை நாங்கள் அரைகுறையாகத்தான் சொன்னோம். இப்போது சொல்லலாம், ஏனென்றால் இப்போது அது இந்த ஊரே சிரிக்கிற கதையாகிவிட்டது.

கரைவலை இழுத்துக்கொண்டு நின்றபோதுதான் அப்பா விழுந்தவர். வழமை போல அவர்தான் முன்னுக்கு நின்று வலை இழுக்கிற அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாராம், பாட்டு நடுவில் நின்றவுடன் மற்றவர்கள் வலையையும் விட்டுவிட்டார்கள், திரும்பிப் பார்த்தால் அப்பா மணலில் கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில், உண்மையைச் சொல்கிறேன் மகள், எனக்கும் ஒரு செபமும் வரவில்லை. மணிகளைக் கையில் சுற்றிக்கொண்டு மரக்கட்டை மாதிரி இருந்தேன். அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவேன், அடுத்தது என்ன என்று தெரியாது. பக்கத்துக் கட்டிலில் தன் மனுசனைப் பார்க்க வந்திருந்தவ இரஞ்சிதம் என்று ஒரு பிள்ளை, புளியங்குளத்துப் பக்கம், சைவக்காரர். அவ என்னைப் பார்த்துவிட்டு, அக்கா நீங்கள் கொஞ்சம் சரியுங்கோ, அண்ணையை நான் பாத்துக்கொள்ளுறன் என்று தன் பாயை விரித்துவிட்டா. நான் படுத்து நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் அவ அப்பாவுக்கும் தன் மனுசனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டு நிற்கிறா. செபம் சொல்லத் தெரியாமல் இருந்த எனக்கு ஆண்டவர் அனுப்பின பதில் அந்தப் பாய்தான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாங்கள் கேட்டால்தான் தருவார் என்று இல்லைப் பிள்ளை, கேட்க ஏலாமல் கிடக்கும்போதும் அவருக்கு எங்கள் விலாசம் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவுக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஓம். எதைக் கேட்டாலும் ஓம். சோறு வேண்டுமா, ஓம், வேண்டாமா, அதற்கும் ஓம். அவர் இல்லை என்று சொல்லத்தான் நினைக்கிறார், கண்ணால் இல்லை என்கிறார், வாய் ஓம் என்கிறது. முள்ளியவளையில் இருந்து அவருடைய சிநேகிதர் வீரகத்தி அண்ணை சைக்கிளில் அரிசி கட்டிக்கொண்டு பார்க்க வந்தவர், வந்தவர் எங்கள் கபில நிறக் கிடாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு, கிறகோரி இதை நான் வளக்கக் கொண்டுபோகட்டோ என்று பகிடிக்குக் கேட்டிருக்கிறார். அப்பா ஓம் என்றார். வீரகத்தி அண்ணை கண் கலங்கிப்போய், வருத்தத்திலும் எவ்வளவு பெரிய மனம் என்று சொல்லிக் குட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னேரம் பார்த்தால் குட்டியைக் காணவில்லை, ஊரெல்லாம் தேடி, கடைசியில் போன் எடுத்தால், நான் கேட்டனான் தங்கச்சி, அவர் ஓம் எண்டவர், பேந்து நான் என்ன செய்யிறது என்கிறார். அடுத்த நாள் குட்டியையும் ஒரு வாழைக்குலையையும் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுச் சொன்னார், உங்கட மாதாவுக்கும் சொல்லியிருக்கிறன், எங்கட வற்றாப்பளை அம்மாளுக்கும் சொல்லியிருக்கிறன், ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வரட்டும் என்று. நானும் கிறிஸ்ரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அதுதான் பயமாக இருந்தது. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்து, செல் விழுகிற சத்தத்துக்கு மேலால் செபமாலை சொன்ன மனிதர் அவர், நீ அவருடைய மடியில்தான் இருந்தாய், உனக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடு ஊட்டினால் பாதிதான் உள்ளே போகும். முதல் வெள்ளிக்குப் பங்குச் சுவாமி நற்கருணை கொண்டுவந்தார். அப்பா பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். நான் கெஞ்சினேன், கிறிஸ்ரி தலையைத் தடவினான், அவர் திறக்கவே இல்லை. எனக்கு வெட்கமும் கோபமும், சுவாமி என்ன நினைப்பார் என்று. சுவாமி இளம் ஆள், ஆனால் நல்ல பொறுமை. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, அம்மா அவரைப் பேசாதேங்கோ, அவர் ஆண்டவரோட கோவத்தில இருக்கிறார், கோவிக்கிறதுக்கும் ஆள் இருக்குது எண்டு நம்பினால்தானே கோவிக்கலாம், நான் திரும்ப வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டாமலே கனநேரம் இருந்தேன். மாதாவே, நான் இதுவரைக்கும் அவருடைய பலத்தில் நின்றேன், இப்போது அவரும் விழுந்து கிடக்கிறார், நான் எதைப் பிடிப்பது என்று கேட்டேன். கேட்டுவிட்டு எழும்பிக் கஞ்சி வைத்தேன். வேறென்ன செய்வது.

பிறகு தவக்காலம் வந்தது. ஆண்டவர் பட்ட பாடுகளை அழுகை இராகத்தில் பசாமாகப் பாடுவதற்கு எங்கள் கோயிலில் அப்பாவை விட்டால் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களைப் பாட விட்டதும் இல்லை, கூடப் பாடுகிற பெண்களைத் திரும்பிப் பார்த்து முறைப்பவர். என் குரலைக் கேட்டால் மீன் கலைந்துபோகும் என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். இந்த முறை அவருக்குப் பதிலாகக் கிறிஸ்ரியும் கூட்டாளிமாரும் பாடுவது என்று முடிவாகி, பின்னேரங்களில் கோயிலில் பழகினார்கள். கோயில் எங்கள் வேலிக்குப் பின்னால்தானே, எல்லாம் கேட்கும். கிறிஸ்ரி நல்ல பிள்ளை, கடலுக்குப் போய் உழைத்து வீட்டைப் பார்க்கிறான், ஆனால் பாட்டு என்று வந்தால் மாதா அவனைக் கைவிட்டுவிட்டா. மாதா சிலுவையடியில் நிற்கிற இடத்தில் ஒரு அடி இருக்கிறது, இராகம் இறங்க வேண்டிய இடத்தில் இவன் ஒவ்வொரு முறையும் ஏறுகிறான். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அறைக்குள் அப்பா உறுமுவது கேட்டது. அவன் திரும்பப் பாடினான், திரும்பவும் ஏறினான். அப்பா கட்டிலில் இடக்கையால் அடித்தார். மூன்றாம் முறையும் அவன் ஏற, அறைக்குள்ளிருந்து பாட்டு வந்தது மகள். அந்த அடி முழுக்க, சொல்லுக்குச் சொல், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி. நான் யாரோ றேடியோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், கோபத்தில் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓட, அப்பா பாடிக்கொண்டு கிடக்கிறார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது ஓம். அதைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார், விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

கை கால் பயிற்சி கொடுக்க வருகிற கஜனி மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவா சொன்னா, பேச்சு இருக்கிற இடம் வேறயாம் பாட்டு இருக்கிற இடம் வேறயாம் மூளையில, அன்ரி இதை விடாதேங்கோ, சொல்ல ஏலாததைப் பாடச் சொல்லுங்கோ என்று. எனக்குப் பாதி விளங்கியது. பாட்டை வேறு இடத்தில் பத்திரப்படுத்தி வைத்தவர் ஆர் என்று மட்டும் நான் அவாவிடம் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். இப்போது வீட்டில் எல்லாம் பாட்டுத்தான். அப்பாவுக்கு வாயில் வருகிற இராகம் பசாம் இராகம், அதனால் தேத்தண்ணி வேண்டும் என்றாலும் ஆண்டவர் சிலுவை சுமந்த இராகத்தில்தான் கேட்கிறார். றோஸ்மேரீ தேத்தண்ணீ என்று அவர் இழுத்துப் பாட, ரோட்டால் போகிற சனம் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போகிறது. சீனி குறைவு என்பதை அவர் பாடினால் கல்லும் கரையும்.

பெரிய வெள்ளிக்கு வர மாட்டேன் என்று நின்றார். ஊருக்கு முன்னால் வாய் கோணிப் பாட வெட்கம். நான் வற்புறுத்தவில்லை, வெள்ளை வேட்டியை மட்டும் தோய்த்துக் கொடியில் அவர் கண்ணுக்குப் படப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே வேட்டியைக் காட்டினார். கிறிஸ்ரியும் கரைவலைக்காரரும் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் பாடினார், பழைய சத்தம் இல்லை, ஆனால் கோயில் மூச்சு விடாமல் கேட்டது. ஆண்டவர் சிலுவையோடு விழுகிற இடம் வந்தது. அதில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஓம் என்றார். திரும்பவும் ஓம் என்றார். பிள்ளைகளில் ஒன்று சிரித்தது. கிறிஸ்ரி பயத்தில் புத்தகத்தை மூடப் போனான். அப்பா தலையைக் குனிந்துவிட்டார். மகள், எனக்குள் என்ன வந்தது என்று தெரியாது, நான் எழும்பி நின்று, இந்த மீன் கலைக்கிற குரலால் அந்த அடியை எடுத்தேன். நான் விட்டால் அவர் இனி எழும்ப மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. எனக்குப் பின்னால் பெண்கள் பிடித்தார்கள், அவர் இவ்வளவு காலமும் முறைத்த அதே பெண்கள், பிறகு வலை இழுக்கிற ஆண்கள், பிறகு கோயில் முழுக்க. அப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அடுத்த அடியில் எங்களோடு வந்து சேர்ந்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் அவர் விட்ட இடத்தை நாங்கள் எடுத்தோம், நாங்கள் பிழைவிட்ட இடத்தை அவர் திருத்தினார். தனியாக அவர் பாடின எந்த வருசத்திலும் நான் அழுதது கிடையாது, இந்த வருசம் அழுதேன், சந்தோசத்தில். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தவுடன் என்னைக் கூப்பிட்டு, என் தொண்டையைக் காட்டி, இடக்கையை மீன் மாதிரி நெளித்து ஓடுவதாகக் காட்டினார். குணம் மாறவில்லை, ஆள் சுகம் என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி. உயிர்த்த ஞாயிறு பூசையில் சுவாமி நற்கருணையோடு கதிரையடிக்கு வர, அப்பா தானாகவே வாயைத் திறந்தார்.

பலம் என்றால் எழும்பி நிற்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன் பிள்ளை. இப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. அப்பாவின் குரல் உடைந்த இடத்தால்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம், ஆண்டவரும் அந்த வழியால்தான் வந்தார். நீ ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கவில்லை. நீ படுத்திருக்கிறபடியால்தான் ஒரு உயிர் வளர்கிறது, அதைவிட வேறு என்ன வேலை வேண்டும். உனக்குச் செபம் வரவில்லை என்றால் விடு, அந்தப் பங்கை இங்கே நாங்கள் சொல்கிறோம், நான் விடியவும் கோயில் பெண்கள் பின்னேரமும் உன் பெயரைச் சொல்லியே தொடங்குகிறோம், வீரகத்தி அண்ணையும் தன் பக்கத்தால் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் வாய் திறக்கிற நாளில் நீ வந்து சேர்ந்துகொள்.

மருமகனிடம் சொல், கறிக்குத் தேங்காய்ப்பால் கடைசியில்தான் விடவேண்டும், முதலிலே விட்டுக் கொதிக்க வைத்து உனக்கு வயிற்றுக்குத்து வரவைக்க வேண்டாம். யன்னலடிக்குக் கட்டிலை நகர்த்தித் தரச் சொல்லு, வெளிச்சம் முகத்தில் படட்டும். காலுறை போடாமல் படுக்காதே. அடுத்த முறை டொக்டரிடம் போய் வந்தவுடன் எந்த நேரம் என்றாலும் போன் எடு, நான் அழமாட்டேன். ஆண்டவர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக, மாதா உன் தலைமாட்டில் இருப்பாராக.

இதை எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஆட்டுக்குட்டிக் கதையை எழுதியதற்குக் கோபம். பிறகு தாளைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். சத்தில்லாத அந்த வலக்கையை இடக்கையால் தூக்கி வந்து, பெருவிரலால் இந்தத் தாளின் அடியில், உன் பெயரை நான் கீழே எழுதியிருக்கிற இடத்துக்கு மேலே, ஒரு சிலுவை போட்டார். மை இல்லை, ஒன்றும் தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது மகள். அந்த இடத்தை உன் நெற்றியிலும் பிறகு உன் வயிற்றிலும் வைத்துக்கொள்.

கம்சா

என்றும் உன் அன்பு அம்மா,
கி. றோஸ்மேரி