முதலாளி வீடு மாறிய வாரம்

புதன், ஜூன் 4

விடியலில் சுமத்ரா காற்று, சிங்கப்பூருக்கு இந்த மாதங்களில் வழக்கமான சூறை. ஐந்தரைக்கு மழை, ஏழுக்கு வெயில். கட்டிய பெட்டிகள் 31. கட்ட வேண்டியவை எத்தனை என்று தெரியவில்லை. என் பழைய குறிப்பேடுகள் மட்டும் ஆறு பெட்டி. செய்தியாளன் வீட்டில் வேறென்ன இருக்கும். மனைவி சுமதி ஆறையும் எண்ணிவிட்டு ஒட்டுநாடாவை நீட்டினாள். அதுவே போதும்.

ஞாயிறு காலை நகர்நடுத் தேக்காவை விட்டு மேற்குக் கோடிச் சுவா சூ காங் போகிறோம். பதினோராம் மாடி. மகள் கயலுக்குத் தனி அறை. சுமதி தாதியாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு இனி ஒரே பேருந்து. காரணங்கள் எல்லாம் சரி. ஐந்து வயதுக்காரிக்கு மட்டும் எதுவும் சரியாகப் படவில்லை.

கயலின் நிபந்தனை, இரவுச் சாப்பாட்டின்போது: "முதலாளி வந்தா நானும் வரேன். இல்லன்னா நான் இங்கயே இருக்கேன்."

முதலாளி என்பது பூனை. கீழ்த்தளக் காய்கறிக் கடையில் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்தே வளர்ந்ததால் கடைக்காரர் வைத்த பெயர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தவன் இறங்கவில்லை. சாம்பல் நிறம். வால் நுனி வெள்ளை. இடது காதின் முனை வெட்டப்பட்டிருக்கும். தெருப்பூனைக்குக் கருத்தடை செய்த அடையாளம். போன மாதம் உரிமம் எடுத்தாயிற்று. சட்டப்படி நான் அவனுடைய உரிமையாளர். இதை அவனிடம் சொல்லவில்லை.

கால்நடை மருத்துவர் சொன்னவை:
1. பூனையைக் கடைசியில் கொண்டுபோகவும். சாமான் வைத்து, ஆட்கள் எல்லாரும் போன பிறகு.
2. முதல் வாரம் ஒரே அறை, கதவு சாத்தி.
3. வலை அடிக்காத சன்னலைத் திறக்கவே கூடாது.
4. அதன் துணியைத் துவைக்க வேண்டாம்.

நான்காவது சுமதிக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளி, 6

சன்னல் வலைக்காரரிடமிருந்து போன். ஞாயிறுக்குள் முடியாது, செவ்வாய் காலை வருகிறாராம். இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் செவ்வாய்தான்.

பால் காய்ச்சும் நேரம் ஞாயிறு 6.00 – 7.00. மாற்ற வழியில்லை. அடுத்த நல்ல நாளுக்குள் இந்த வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

சுமதி: "செவ்வாய் வரைக்கும் பூனைய கடையில விடலாமே. அங்க வளர்ந்ததுதானே."

நியாயம். ஆனால் கயல் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல நேரத்தில் வீட்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும் என்று அம்மாதான் சொன்னாள், அப்படியானால் முதலாளி நம் வீட்டு ஆள் இல்லையா என்று கேட்டாள். சுமதி என்னைப் பார்த்தாள். நான் என் பட்டியலைப் பார்த்தேன்.

முடிவு என்னுடையது. அவனும் எங்களோடு, கூடையில். நேராகச் சின்ன அறை. சன்னல் பூட்டி, கதவில் அறிவிப்பு ஒட்டி. மருத்துவரின் முதல் விதியை மீறுகிறேன் என்று தெரியும். ஒரு மணி நேரம்தானே.

சனி, 7

வெயில். பெட்டிகள் 54, கட்டி முடிந்தது. கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். "முதலாளியையே கூட்டிட்டுப் போறீங்க, கடைய யார் பாக்குறது?" என்றார். "நீங்க பாத்துக்குங்க அங்கிள்" என்றாள் கயல். ஒரு கட்டு கீரை கொடுத்தார்.

ஞாயிறு, 8

இரவு 9.40. இப்போதுதான் உட்கார நேரம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

விரைவுச்சாலை முழுவதும் முதலாளி கத்தினான். மின்தூக்கிக்குள் வந்ததும் மௌனம். 6.10க்கு உள்ளே போனோம், கயல் கையில் கூடை. 6.15 சின்ன அறை. கூடையைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். 6.32 பால் பொங்கியது. சுமதியின் கண்ணில் நீர். சாம்பிராணி அப்போது இன்னும் ஏற்றவில்லை.

பிறகு ஏற்றினார்கள். சுமதியின் தம்பி சேகர் சாம்பிராணித் தட்டை வாங்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினான். வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை. சின்ன அறை. அங்கே புகை அடைத்துக்கொண்டதால் சன்னலையும் திறந்துவிட்டான். சாவியை நான் பூட்டிலேயே விட்டிருந்தேன்.

6.58க்குக் கயல் பால் கொண்டுபோனாள். அறையில் யாரும் இல்லை.

சன்னல் திறந்திருந்தது. உறவினர்கள் வந்து போவதற்காக வாசல் கதவும் திறந்திருந்தது. அவன் போக இரண்டு வழி. ஒன்று வாசல். மற்றது பதினோரு மாடி.

கீழே நான் மட்டும் போனேன். புல்தரை, வடிகால், நடைபாதைக் கூரை, சைக்கிள் நிறுத்தும் இடம். இல்லை. இன்னொரு சுற்று. இல்லை. அடுக்குமாடி புளோக்குகளின் அடியில் இப்படித் தேடி நடந்திருக்கிறேன், வேலைக்காக. என்ன பார்க்க வேண்டும் என்று தெரியும். இவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.

மேலே வந்து கயலிடம், கீழே இல்லை, அது நல்ல செய்தி என்றேன். ஏன் நல்ல செய்தி என்று அவள் கேட்கவில்லை.

சேகர் வாசலிலேயே நின்றிருந்தான். "போர்டைப் பாத்தேன் அத்தான். ஆனா எல்லா ரூமுக்கும் காட்டணும்லா, ஒண்ணை விட்டா நல்லாவா இருக்கும்?" பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டிக்கடியிலும் குனிந்து தேடப் போனான். நல்ல வேட்டியில்.

சுமதி: "நான்தான் எல்லா ரூமுக்கும் காட்டச் சொன்னேன்." நான்: "பூனைய மொதல்ல கொண்டு வந்தது நான்." கயல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவு தட்டப் போனோம்.

12ஆம் மாடியில் தொடங்கி 9 வரை, பிறகு 13. மொத்தம் 22 கதவு. திறந்தவை 15. திறக்காத ஏழிலும், பின்னால் பூனையைப் பற்றி எழுதி, என் பெயரட்டையைச் செருகினேன்.

முப்பது ஆண்டுகளாக அந்நியர் கதவைத் தட்டிச் சாப்பிடுகிறேன். ஆனாலும் கயல் என்னைவிட நல்ல நிருபர். நான் "சாம்பல் நிறப் பூனை" என்றதும் அவள் திருத்தினாள்: வால் நுனி வெள்ளை, இடது காதில் முனை இல்லை, வலது காது சரியாக இருக்கும்.

12இல் ஒரு சீனத் தாத்தா, உடனே தம் வீட்டுக் கட்டிலுக்கடியில்கூடப் பார்த்தார். அவர் கதவு காலையிலிருந்து பூட்டியே இருந்ததாம். 9இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொறியாளர், நண்பர்களோடு வாடகைக்கு இருக்கிறார். கயல் நேராக, "எங்க முதலாளியைக் காணோம்" என்றாள்.

"எந்தக் கம்பெனி பாப்பா?"

"பூனை."

அவர் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். படிக்கட்டுகளைத் தரை வரை பார்த்தோம்.

இல்லை.

லாரி வந்து போயிற்று. பெட்டிகள் பிரிக்கவில்லை. கயல் இரண்டு வாய் சாப்பிட்டாள். "அது வீட்டுக்குத்தான் போயிருக்கும்ப்பா. ஆனா எந்த ரயில்னு அதுக்குத் தெரியாதே." பிறகு: "நாமளும் வீட்டுக்குப் போலாம்." இதுதான் வீடு என்று சொல்ல வந்தவன், அவள் தட்டை எடுத்து வைத்தேன். சின்ன அறையில், முதலாளியின் துவைக்காத துணிக்குப் பக்கத்தில் பாய் போடச் சொன்னாள். போட்டோம்.

திங்கள், 9

காலை மழை. விடுப்பு எடுத்தேன். பள்ளி விடுமுறை என்பதால் கயல் என்னோடு. சுமதி வேலைக்குப் போய் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் ஒரே பதில்.

4.20. தெரியாத எண். 13ஆம் மாடி, மலாய் அம்மா ஒருவர். நேற்று முழுக்க மகள் வீட்டில் இருந்தாராம். வாசலில் என் பெயரட்டையைப் பார்த்திருக்கிறார். செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஏதோ சீறுகிறதாம்.

பயந்த பூனை கீழேதான் ஓடும் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம்; மேல் மாடிகளில் கதவைத் தட்டினோமே தவிர மூலைகளைப் பார்க்கவில்லை. கட்டிய முடிவைச் சரிபார்க்கவில்லை. அவன் மேலே போயிருக்கிறான்.

மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படிக்கட்டு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு கண். நான் கையை நீட்டினேன். வேண்டாம், இழுக்காதீர்கள், அதுவே வரட்டும் என்று அந்த அம்மா மலாயில் சொன்னார். வீட்டு விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தாழ்வாரத்தில் என் பக்கத்தில் நின்றார். கயல் தரையில் குப்புறப் படுத்தாள்.

"முதலாளி. மாமா இனிமே புகை போட மாட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

பிறகு எல்லாரும் காத்திருந்தோம். நாற்பது நிமிடம். முதலில் மீசை. பிறகு முனை இல்லாத காது. துணியால் போர்த்தித் தூக்கினேன். என் கையில் மூன்று கீறல், ஒன்று ஆழம். மின்தூக்கியை அந்த அம்மா பிடித்து வைத்திருந்தார்.

சின்ன அறை. சன்னலை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சாவி என் பையில்.

7.10க்கு அரை டப்பா மத்தி மீன். தண்ணீர் குடித்தான். சுமதி வேலை உடையோடு கதவோரம் உட்கார்ந்து, அவன் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கயல் இரண்டு தட்டு சோறு. சேகருக்குப் போன் செய்தேன். "அத்தான்" என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய், 10

மேகம், மழை இல்லை. வலைக்காரர் 9.15க்கு வந்தார், 11க்கு முடித்தார். கையால் குத்திப் பார்க்கச் சொன்னார். குத்தினேன். சுமதி எல்லாச் சன்னலையும் திறந்தாள். இந்த வீட்டில் காற்று நன்றாக வருகிறது. எதிர்பார்க்கவில்லை.

பெட்டிகள் 19 பிரித்தாயிற்று.

மாலை கயல் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே என்றேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"என்னன்னு?"

"கெடச்சிருச்சுன்னு. நாம சொல்லலைன்னா அவங்க இன்னும் தேடிட்டே இருப்பாங்கல்ல?"

அவர்களெல்லாம் மறந்திருப்பார்கள் என்று சொல்ல வந்தேன். யோசித்துப் பார்த்தேன். எத்தனை கதவுகளில் கேள்வி கேட்டிருக்கிறேன். பதிலோடு திரும்பிப் போன கதவுகளை விரல் விட்டு எண்ணலாம். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

13: மலாய் அம்மா கயல் கையில் ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்தார், பச்சை நிறம், மேலே தேங்காய்ப்பூ. தட்டைத் திருப்பித் தர வரும்போது பூனையின் படம் கொண்டுவர வேண்டுமாம்.

12: சீனத் தாத்தா கையில் டார்ச் விளக்கு. நேற்று இரண்டு முறை, இன்று காலை ஒரு முறை படிக்கட்டுக்கு அடியில் பார்த்தாராம். கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

10: நான்கு கதவு. மூவர் கேட்டு மகிழ்ந்தார்கள். ஒருவர் எந்தப் பூனை என்றார். கயல் முதலிலிருந்து சொன்னாள்.

9: பொறியாளர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "முதலாளி வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. இப்ப தூங்குறாரு. நாளைக்கு வந்து பாருங்க. பதினோராவது மாடி, எங்க வீடு."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நேரம் 7.25.

மீதி ஆறு கதவு. வீட்டில் ஆள் இல்லை. நாளை மறுபடி தட்டுவோம்.